மாமனார் நிறுத்திய வைஃபை

எனக்குக் கல்யாணமான புதிதில், கொழுந்தன் நவநீதன் ஒரு கம்ப்யூட்டர் கேமை டவுன்லோடு செய்யத் தொடங்கினான். அது ஆமையாக நகர்ந்தது. ஓய்வுபெற்ற தாசில்தாரான மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"நீ உங்கம்மாகிட்ட வீடியோ கால் பேசறதாலதான் நெட் இழுக்குது. இனிமே பேசாதே."

என் போனை அணைத்து அவரிடமே கொடுத்தேன். மறுநாளும் கேம் நகரவில்லை.

"எல்லார் போன்லயும் வைஃபையை நிறுத்திப் பார்க்கலாம், மாமா. பெரியவங்க நீங்களே ஆரம்பிச்சு வைங்க," என்றேன்.

பெருமையாக நிறுத்தினார்.

"இப்ப சர்ருனு இறங்குதுப்பா," என்றான் நவநீதன். அவர் போனை வாங்கிப் பார்த்தான். எங்கள் கல்யாண வீடியோ முழுவதையும் அதுவரை அது இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

மாமனார் என் போனை எடுத்து நீட்டினார். "அம்மாவைக் கூப்பிடும்மா. நானும் பேசறேன்."

அதன்பின் அவர் இருந்தவரை, பாதிப் பேச்சு அவருடையதுதான். இப்போதும் அம்மா திரையில் அவரைத் தேடுகிறாள்.