அகழெலி மண்ணுக்குள் இறங்கிய வாரம்

மனிதர் பேசுவது விலங்குகளுக்கும், விலங்குகள் பேசுவது மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், அகழெலி மண்ணுக்கு மேலேதான் வாழ்ந்தது. கருப்பு வெல்வெட் போன்ற மயிரும் கூர்மையான கண்களும் அதற்கு இருந்தன. புல்லுக்குள் ஓடி மண்புழு பிடித்துத் தின்னும். வயிறு நிறைந்தால் வெயில் காயும்.

இங்கிலாந்தின் தெற்கே, ஆற்றங்கரை மேட்டில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு வசந்த காலத்தில் லியோஃபா என்ற பெண் வந்து சேர்ந்தாள். திரும்பி வந்தாள் என்று சொல்வதுதான் சரி. இருபது ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோய் அந்த ஊரை வழித்துக்கொண்டு போனபோது மிஞ்சியவள் அவள் ஒருத்தி. நான்கு வயது மகளைத் தேவாலயத்துக்கு வடக்கே தன் கையாலேயே புதைத்துவிட்டு அன்றே ஊரை விட்டுப் போனவள். இப்போது அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பின்னால் குடியேறியவர்கள். கல்லறைகளில் நட்ட மரச்சிலுவைகள் உளுத்து விழுந்து, வடக்குப் பக்கம் வெறும் புல்வெளியாகக் கிடந்தது.

ஊர்த்தலைவன் ஓஸ்ரிக் பழைய மரத் தேவாலயத்தைப் பிரித்துவிட்டுக் கல்லில் கட்டிக்கொண்டிருந்தான். சுற்றுச்சுவருக்காக முளை அடித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. வடக்கே கயிறு தேவாலயத்தை ஒட்டியே போனது. கயிற்றுக்கு வெளியே இருப்பதை உழுது பார்லி விதைப்பதாக ஏற்பாடு.

லியோஃபா நேராக அவனிடம் போனாள்.

“ஐயா, அந்தக் கயிற்றுக்கு வெளியே என் மகள் இருக்கிறாள். பழைய ஊரே அங்கேதான் இருக்கிறது.”

“எந்த இடத்தில்?”

அவளால் காட்ட முடியவில்லை. அடையாளத்துக்கு அன்று நின்ற மரம்கூட இப்போது இல்லை.

“எனக்குப் புல் மட்டும்தான் தெரிகிறது, அம்மா” என்றான் ஓஸ்ரிக். அவன் கெட்டவன் அல்ல. ஊரில் சாப்பிடும் வாய்கள் கூடிவிட்டன, நிலம் போதவில்லை. “ஆள் புதைந்த மண் என்று என் கண்ணால் பார்த்தால் கயிற்றை நகர்த்துகிறேன். திங்கட்கிழமை ஏர் இறங்குகிறது.”

“நானே தோண்டிக் காட்டுகிறேன்.”

“வேண்டாம். புதையல் தேடுகிறாய் என்பார்கள். அதற்கு இங்கே கையை வெட்டுவது வழக்கம்.”

லியோஃபா திரும்பி நடந்தாள். புல்வெளியில் போய் உட்கார்ந்தாள். செவ்வாயும் புதனும் அங்கேயே இருந்தாள். வழியில் போன நரியிடம் கேட்டாள். “நான் தோண்டினால் எலும்பு தின்ன வந்தேன் என்பார்கள், விடு” என்று அது நடையைக் கட்டியது.

வியாழக்கிழமை காலையில் அகழெலி அவள் காலடிக்கு வந்தது.

“இரண்டு நாளாக இங்கே இருக்கிறாய். ஒரு தடவைகூட என்னை மிதிக்கவில்லை. உனக்கு என்ன வேண்டும்?”

அவள் சொன்னாள். அகழெலி தன் முன்னங்கால்களைப் பார்த்துக்கொண்டது. புழுவுக்காக மேல்மண்ணைக் கிளறியிருக்கிறதே தவிர, ஆழமாக அது ஒருநாளும் போனதில்லை.

“என் கையை வெட்ட ஆள் வரமாட்டார்கள்” என்று சொல்லிவிட்டுத் தலைகுப்புற மண்ணுக்குள் இறங்கியது.

அன்று முழுக்கச் சுண்ணாம்புக் கல்லும் வேருமே வெளியே வந்தன. வெள்ளிக்கிழமை ஒரு குவியலில் பல் உடைந்த எலும்புச் சீப்பு. அடுத்ததில் துருவேறிய கத்தி. சனிக்கிழமை ஒரு தாடை எலும்பு வந்தது. அகழெலி மூச்சு வாங்க வெளியே தலை நீட்டியபோது அதன் கண்கள் வீங்கி, மண் அப்பியிருந்தன.

லியோஃபா பயந்துபோனாள். “போதும். இதைக் காட்டினாலே நம்புவான்.”

“ஒருவரைக் காட்டினால் ஒருவருக்கு இடம் விடுவான். வடக்கு ஓரம் இன்னும் மிச்சம் இருக்கிறது.”

அது மறுபடியும் உள்ளே போனது.

ஞாயிறு பூசை முடிந்து, பாதி கட்டிய தேவாலயத்திலிருந்து ஊரார் வெளியே வந்தபோது, புல்வெளியில் கயிற்றைத் தாண்டி வெகுதூரம் வரை மண் குவியல்கள் வில்லாக வளைந்து கிடந்தன. ஓஸ்ரிக் ஒவ்வொன்றின் மேலும் குனிந்து பார்த்தான். சீப்பைக் கையில் எடுத்தான், தாடையைத் தொடாமல் நகர்ந்தான். கடைசிக் குவியலில் கட்டைவிரல் பதித்துக் கோலமிட்ட கருப்புப் பானைத் துண்டு ஒன்று. அதில் சாம்பலும் வெந்த எலும்புத் துணுக்குகளும் ஒட்டியிருந்தன.

“இது யார்? உங்கள் ஆட்களா?”

“இல்லை ஐயா. நாங்கள் எரிக்கவில்லை, புதைத்தோம். இவர்கள் எங்களுக்கும் முன்னால் இருந்தவர்கள் போல.”

ஓஸ்ரிக் அந்தப் பானைத் துண்டை இருந்த இடத்திலேயே வைத்தான். பிறகு யாரையும் ஏவாமல், தானே போய் வடக்கு முளைகளைப் பிடுங்கி, கடைசிக் குவியலுக்கு அப்பால் கொண்டுபோய் அடித்தான். சுவர் அங்கே புடைத்துக்கொண்டு போகும் என்று கொத்தனார் சொன்னார்.

“போகட்டும்” என்றான் ஓஸ்ரிக்.

லியோஃபா ஆற்று நீரில் துணி நனைத்து அகழெலியின் கண்களைத் துடைத்தாள். பார்வை போய்விட்டிருந்தது. அவள் அழுதாள்.

“அழாதே” என்றது அகழெலி. “உள்ளே ஒரு சின்னது இருந்தது. பக்கவாட்டில் படுத்த மாதிரி. நான் அதைத் தொடவில்லை, சுற்றிக்கொண்டு போனேன்.”

அவள் துணியைக் கீழே வைத்தாள். “எங்கே?” என்றாள்.

அகழெலி மூக்கால் மோந்துகொண்டே முன்னால் நடந்தது. அவள் பின்னால் போனாள். ஓரிடத்தில் அது நின்றது. லியோஃபா அங்கே மண்டியிட்டு, புல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பொழுது சாயும்வரை எடுக்கவில்லை.

அகழெலிக்கு மேலே இனி வேலை இல்லை. அது இருட்டுக்கே திரும்பிப் போனது. அகழெலி கண் தெரியாமல் மண்ணுக்கடியில் வாழ்வதும், பழைய தேவாலய வளாகங்களில் பானைத் துண்டும் எலும்புச் சீப்பும் கலந்த மண்ணை மேலே தள்ளி, உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று மேலே நடப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதும் அன்று தொடங்கியதுதான்.