அடியில்லாத கூடு

ஏரிக்கரைப் பனைமரத்தில் குருத்தன் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தான். கூடு பின்னுவதில் சூரன்! ஆனால் என்ன செய்ய, அதே மரத்தில் கள்ளுப்பானையும் தொங்கியது. ஒருநாள் வாய் நனைத்தான், அப்புறம் தினமும் நனைத்தான். ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

கடைசியில் "போதும்டா சாமி!" என்று விட்டுவிட்டான். இரண்டு மாதமாகச் சொட்டுகூடத் தொடவில்லை. மனைவி மின்னாளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"மழைக்கு முன்னாடி கூடு வேணும்யா. நான் முட்டை போடணும்" என்றாள்.

"ரெண்டே நாள் புள்ளே!" என்று பறந்தான் குருத்தன்.

பாவம், அலகு பழகின வேலைதான். புத்திதான் கூட வரவில்லை. நார் கிழிக்க வயலுக்குப் போவான், எதற்கு வந்தோம் என்று திருதிருவென விழிப்பான். கூரை பின்னினான். வாசல் பின்னினான். மறந்துபோய் இன்னொரு வாசலும் பின்னினான்!

"முடிஞ்சிருச்சு, வந்து பாரு!"

மின்னாள் ஒரு வேப்பம்பழத்தை உள்ளே போட்டாள். அது நேரே கீழே போய், அங்கே வெயில் காய்ந்த ஓணானின் மண்டையில் விழுந்தது.

"ஐயையோ! அடிப்பக்கம் எங்கேய்யா? என் முட்டையும் இப்படித்தானே விழும்!"

குருத்தனுக்கு அழுகையே வந்துவிட்டது. மண்டையைத் தடவிக்கொண்டே ஓணான் கத்தியது: "குடிய விட்டதுதான் தப்பு! ஒரு வாய் குடி, எல்லாம் ஞாபகம் வரும்!"

பானை கமகமத்தது. குருத்தனின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியேவிட்டது.

"பானை கெடுத்ததைப் பானையே சரிபண்ணுமா?" என்று குறுக்கே வந்தாள் மின்னாள். "உன் புத்தி பறந்து போச்சு, இப்ப நடந்து வருது. வரட்டும்!"

கூட்டில் ஒட்ட வைத்திருந்த ஈரமண்ணை எடுத்தாள். மட்டையில் வரிசையாக நான்கு உருண்டை ஒட்டினாள்: கூடு தொங்கும் வளையம், கூரை, முட்டைக்குழி, வாசல். குழிக்கு உரிய உருண்டையில் மட்டும் ஒரு குழி.

"ஒரு வேலை முடிஞ்சா ஒண்ணைத் தட்டிவிடு. உருண்டையைப் பாக்காம நாரைத் தொடாதே!"

புதுக்கூடு தொடங்கினான். கூரை முடிந்ததுமே வாசலுக்குத் தாவினான். வாசல் என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை! அப்போது குழி விழுந்த உருண்டை கண்ணில் பட்டது. "அடடா, பாத்தியா!" என்று சிரித்தபடி அடிப்பக்கம் திரும்பினான். இரண்டு நாள் வேலை எட்டு நாள் இழுத்தது. இழுக்கட்டுமே!

எட்டாம் நாள் முதல் தூறல் விழுந்தது. மின்னாள் வேப்பம்பழத்தைப் போட்டாள். கீழே ஓணான் மண்டையைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. பழம் வரவே இல்லை!

"நின்னுருச்சு! நின்னுருச்சு!" என்று குருத்தன் மழையில் குதியாட்டம் போட்டான். நாலைந்து நாளில் அந்தக் குழிக்குள் மூன்று வெள்ளை முட்டைகள் பத்திரமாக இருந்தன.

கெட்ட பழக்கத்தை விட்ட அன்றே புத்தி முழுசாகத் திரும்பிவிடாது. அது வந்து சேரும்வரை ஒவ்வொரு வேலையாகப் பொறுமையோடு செய்கிறவனே ஜெயிப்பான்.