அசையாமல் உட்காரும் வித்தை

வெண்கரை நாட்டின் அவையில் ஒரு பழைய நாற்காலி உண்டு. அதன் ஒரு கால் மட்டும் விரல் அகலம் குட்டை. நாட்டில் ஏதாவது கேடு நடந்துவிட்டால், பொறுப்பான அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவையோருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் உடம்பு நடுங்கும், நாற்காலி ஆடும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது முன்னோர்கள் போட்ட கணக்கு.

முன்னோர்கள் கணக்குப் போட்டால் பின்னோர்கள் சும்மா இருப்பார்களா? உண்மை பேசக் கற்பதை விட்டுவிட்டு ஆடாமல் உட்காரக் கற்றார்கள். ஒருவர் இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் தலையில் தண்ணீர்க்குடத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், “காக்கை வெள்ளை, காக்கை வெள்ளை” என்று சொல்லிப் பழகினார். மற்றொருவர் உட்கார்ந்த அழகில், சிட்டுக்குருவி ஒன்று அவர் தலைப்பாகையில் கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை அவையை ஒத்திவைத்தார்கள். நம்பாதவர்கள் வெண்கரைக்குப் போய் அந்தக் குருவியின் பேரப்பிள்ளைகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது காவல் தலைவர் சேந்தனின் முறை வந்திருந்தது.

ஆற்றுத்துறைச் சந்தையில் யாரோ வெடிமருந்துப் பானைகளை வைத்துவிட்டார்கள். ஒன்பது பேர் செத்துப்போனார்கள். வைத்தவர்கள் எதிரி நாட்டார் அல்ல. வடக்குத் தெருவில் பிறந்து, அதே ஆற்றில் குதித்து வளர்ந்த நான்கு இளைஞர்கள். அவர்கள் பிடிபட்ட பிறகும் ஊருக்குத் தூக்கம் வரவில்லை.

நாளை மறுநாள் அவை கூடுகிறது. “முன்கூட்டியே யாராலும் அறிந்திருக்க முடியாது” என்று சேந்தன் சொல்லிவிட்டால் போதும், வடக்குத் தெருவின் இரண்டு முனையிலும் மதில் எழுப்பிப் பூட்டிவிட ஆணை எழுதித் தயாராக இருந்தது. யாராலும் அறிய முடியாதென்றால் தெருவில் இருக்கும் எல்லோரையும்தானே சந்தேகப்பட வேண்டும்?

சேந்தன் மலையேறினார். மேலே பாறையடியார் என்றொரு துறவி இருந்தார். சேந்தனுக்கு ஐம்பத்தைந்து வயது, குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து உபதேசம் கேட்டு, இறங்கும்போதே அதை மறந்துவிடுகிற சீடர் சேந்தன்.

“வாங்க தலைவரே. மூச்சு வாங்குது, முதல்ல தண்ணி குடிங்க.”

“தண்ணி இருக்கட்டும் சாமி. அசையாம உட்கார்ற வித்தையைச் சொல்லிக் கொடுங்க.”

“ஞானத்துக்கா, நாற்காலிக்கா?”

சேந்தன் தொண்டையைச் செருமினார். “நாற்காலிக்குத்தான்.”

“பரவாயில்லை, ஒளிக்காம சொல்றீங்க. அந்தப் பாறைமேல உட்காருங்க. என்ன நடந்தாலும் அசையக் கூடாது. நான் போய்ச் சுள்ளி பொறுக்கிட்டு வந்துடறேன்.”

சேந்தன் உட்கார்ந்தார். காதுக்குள் எறும்பு ஒன்று போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அசையவில்லை. ஓணான் ஒன்று தொடைமேல் ஏறி, இது பாறையா தலைவரா என்று தலையை ஆட்டி யோசித்தது. அப்போதும் அசையவில்லை. சேந்தனுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அந்த நேரத்தில் பாறைக்குப் பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டது.

“ஐயோ! தலைவரே, விழுந்துட்டேன்! கை கொடுங்க!”

சேந்தன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். சாமி சோதிக்கிறார். நம்மிடமா?

“தலைவரே! கால் மாட்டிக்கிச்சு!”

நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மூச்சை இன்னும் சீராக்கினார். மூன்றாவது முறை குரல் மெலிந்து வந்தது. பிறகு நின்றுபோனது.

வெயில் சாய்ந்த பிறகு பாறையடியார் மேலே வந்தார். தலைமுதல் கால்வரை சேறு. முழங்கைத் தோல் உரிந்திருந்தது. பிடித்து ஏறிய வேர் பிய்ந்து இன்னும் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சேந்தன் துள்ளி எழுந்தார். “சாமி! நிஜமாவே விழுந்தீங்களா?”

“பின்னே, பள்ளத்துக்கு விருந்துக்கா போனேன்?”

“சோதனைன்னு நினைச்சேன் சாமி.”

“அபாரம் தலைவரே. ஒரு நாள்ல யாருக்கும் இது கைவராது. எங்கேயோ முன்னாடியே பழகியிருக்கீங்க.” பாறையடியார் முழங்கையை ஊதிக்கொண்டார். “அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டது யாரு?”

சேந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு அம்மா. வடக்குத் தெரு. சந்தையில வெடிக்கிறதுக்குச் சில நாள் முன்னாடி காவல் சாவடிக்கு வந்தாங்க. ‘எம்புள்ள பேச்சு சரியில்லய்யா, சேர்க்கையும் சரியில்ல, வந்து கொஞ்சம் என்னன்னு பாருங்க’ன்னு அழுதாங்க. திருவிழா முடியட்டும்னு அனுப்பிட்டேன். புள்ள சரியா சாப்பிடலன்னாகூட சாவடிக்கு வர்ற ஊர் சாமி இது. அதுல ஒண்ணுன்னு நினைச்சேன்.”

“இதை அவையில சொன்னா?”

“என் தலைப்பாகை போயிடும்.”

“சொல்லலேன்னா?”

“தெரு போயிடும்.”

பாறையடியார் புண்ணைக் கழுவ ஓடைப்பக்கம் நடந்தார். “உங்களுக்கு வித்தை முழுசா வந்துடுச்சு. கிளம்புங்க.”

அவை கூடியது. முன்வரிசையில் இறந்தவர்களின் வீட்டார். சேந்தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இடி விழுந்தாலும் ஆடாது என்கிற மாதிரி உட்கார்ந்தார்.

அவைத்தலைவர் கேட்டார்: “முன்கூட்டியே யாருக்காவது தெரியுமா?”

“தெரியும்.”

தடக் என்றது நாற்காலி.

“யாருக்கு?”

“எனக்கு.”

தடக், தடக், தடக். வெள்ளத்தில் அகப்பட்ட பரிசல்போல ஆடியது. அத்தனை வருஷமாக உண்மையே உட்காராத நாற்காலி, பாவம், அதற்கு மட்டும் பழக்கமா என்ன?

“பொய்! நாற்காலி ஆடுது!” என்று கத்தினார் ஓர் உறுப்பினர்.

“ஏன்யா, பதவி போகணும்னு யாராவது பொய் சொல்வானா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சேந்தன் ஆட்டத்தை நிறுத்த முயலவில்லை. ஆடிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். வடக்குத் தெரு வாய் திறந்தது, சாவடிதான் காதைப் பொத்திக்கொண்டது என்றார்.

“வந்தது யார்?”

“அவங்க சம்மதம் இல்லாம பெயரைச் சொல்ல மாட்டேன்.”

“நான்தான்யா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “நாச்சி.”

முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளுடைய மகன் சிறையில் இருந்தான். முன்வரிசையில், தம்பியைச் சாகக் கொடுத்திருந்த ஓடக்காரர் மாசாத்தன் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“எவ்வளவு நேரம் நிற்பே? வந்து உட்காரும்மா.”

அவைத்தலைவர் மதில் கட்டும் ஆணையைக் கையில் எடுத்தார். பலகையில் இருந்த இருவரையும் பார்த்தார். படிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

சேந்தனின் தலைப்பாகையை வாங்கிக்கொண்டார்கள். சாவடி வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, அன்றைக்கே போய் விசாரிக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

சில நாள் கழித்து அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மலையேறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

“வடக்குத் தெருவுல இருந்துகூட வர்றாங்க சாமி. நேத்து ஒருத்தர் கோழியைக் காணோம்னு வந்தார். ராத்திரி வரைக்கும் தேடினேன்.”

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது. என்னைக் கொத்திடுச்சு.” சேந்தன் கைவிரலைத் தடவிக்கொண்டார். “ஒரு விஷயம்தான் உறுத்துது. அவையில கடைசியா கேட்டாங்க, ‘இனிமே இப்படி நடக்காதுன்னு உறுதி சொல்ல முடியுமா’ன்னு. நான் வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லியிருக்கணும் சாமி?”

பாறையடியார் ஒரு பழத்தை உரித்தார்.

“இப்போ சாவடி வாசல்ல யார் இருக்கா?”

சேந்தன் செருப்பை மாட்டக்கூட நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தார்.