அரசரின் தலையில் ஒரு பெட்டை

முன்னொரு காலத்தில் ஓர் அரசர், பறவை ஆடவில்லை என்று மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கடல் கடந்த மழைக்காட்டுத் தீவிலிருந்து வணிகர்கள் கொண்டுவந்த ஆண் பறவை அது. கரும்பட்டு உடம்பு, கழுத்தில் பச்சை மினுமினுப்பு, தலையில் கம்பி போல ஆறு தூவிகள். "பாவாடை போல இறகை விரித்து ஆடும்" என்று வணிகர்கள் சொல்லியிருந்தார்கள். சபையிலோ அது, வழக்கப்படி தரையில் தூவியிருந்த பூவிதழ்களை ஒவ்வொன்றாகக் கொத்தி ஓரமாக வீசியது. பணியாட்கள் மறுபடி தூவினார்கள். அதுவும் மறுபடி வீசியது.

அமைச்சர் அரிகண்டருக்கு விகடகவி கொன்றைநாதரைக் கண்டாலே ஆகாது. "அரசே, கல்லையும் சிரிக்க வைப்பவர் இதை ஆட வைக்கட்டுமே! ஆனால் தங்கள் திருமுகத்தைப் பார்த்தபடி ஆட வேண்டும்" என்றார்.

"நாளைக் காலை ஆடாவிட்டால், கொன்றைநாதரே, நீர் நாட்டை விட்டுப் போகலாம்" என்றார் அரசர்.

கொன்றைநாதர் வீட்டுக்குப் போய் மூட்டை கட்டிவைத்துவிட்டு வந்தார். பகல் முழுதும் கூண்டருகே உட்கார்ந்து பார்த்தார். பறவை கூண்டுத் தரையில் ஒரு துரும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. இடத்தைப் பெருக்குகிறதே, யாருக்காக? வணிகரிடம் ஓடினார்.

"ஜோடியாத்தான் கொடுத்தோம் சாமி. பெட்டை அழகில்லேன்னு அமைச்சர் அடுப்படிக்கு அனுப்பிட்டாரே!"

மடைப்பள்ளியில் கோழிகளுக்கு நடுவே பழுப்பாக ஒன்று நின்றது. "நாளைக்குக் குழம்பு வைக்கணும்னு இருந்தேன். வெறும் எலும்பு, எடுத்துட்டுப் போங்க" என்றாள் சமையற்காரி.

மறுநாள் சபையில் ஒரு பூவிதழ்கூட இல்லை. "அரசே, சற்று அசையாமல் இருங்கள்" என்று சொல்லி, கொன்றைநாதர் பெட்டையை மணிமுடியின் மேல் வைத்தார்.

ஆண் பறவை வெறுந்தரையில் குதித்தது. குனிந்து வணங்கியது. இறகுப் பாவாடையை விரித்து, கழுத்தை வெட்டி வெட்டி, அரியணையை நோக்கி ஆடத் தொடங்கியது.

"மோசடி! அது பெட்டையைப் பார்க்கிறது!" என்று கத்தினார் அரிகண்டர்.

"பெட்டை அரசர் தலையில். தலைக்குக் கீழே திருமுகம். எது குறைகிறது, அமைச்சரே?"

அந்நேரம் பெட்டை பறந்துபோய் அரிகண்டரின் தலைப்பாகையில் உட்கார்ந்தது. ஆண் பறவையும் பின்னாலேயே போய், அவர் எதிரில் பாவாடையை விரித்தது. அமைச்சருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஐயா, தப்பித்தவறித் தலையை ஆட்டிவிடாதீர்கள். சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும்!" என்றார் கொன்றைநாதர்.

அரசர் சிரித்த சிரிப்பில் மணிமுடி மடியில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிவந்து, தம் முத்துமாலையைக் கழற்றிக் கொன்றைநாதர் கழுத்தில் போட்டார். முத்தின் கனம் அவருக்குத் தெரியவே இல்லை. நாட்டை விட்டுப் போக வேண்டாம் என்பதுதான் தெரிந்தது. வீட்டில் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்துவிடலாம்.