கோடு இல்லாத புள்ளிகள்

கார்த்திகை பிறந்ததிலிருந்து விடாத மழை. மலைமேல் இருந்த வானோக்குக் கூடத்தின் கூரையைத் திறக்கவே வழியில்லை. தொலைநோக்கி போர்வை போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது.

அங்கே குரு நப்பின்னை. சிஷ்யை மரகதவல்லி, குருவைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் தாமதமாக ஆராய்ச்சிக்கு வந்தவள். ஆனாலும் குருவை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் கவனித்துவந்தது ஒரு குவாசரை. வெகு தொலைவில் ஒரு ராட்சதக் கருந்துளை வாயுவை இழுத்து விழுங்கும்போது எழும் வெளிச்சம் அது. இரண்டு முறை கூடிக் குறைந்திருந்தது. அதே இடைவெளி என்றால் இந்த வருஷம் மூன்றாவது முறை கூட வேண்டும். மழைக்கு முன்பு பார்த்தவரை மங்கலாகவே இருந்தது.

அன்று பிற்பகல் மரகதவல்லி கரும்பலகையில் அளவுகளைப் புள்ளிகளாக வைத்தாள். தினமும் வாசலில் கோலம் போட்ட கை. புள்ளியைக் கண்டால் சும்மா இருக்காது. வளைத்து வளைத்துக் கோடு இழுத்தாள். கோடு மூன்றாவது மேட்டில் ஏறி நின்றது.

"உள்ள ரெண்டு கருந்துளை ஒண்ணையொண்ணு சுத்துது மேடம். அதான் முறை வச்சு வெளிச்சம் கூடுது. கண்டிப்பா வந்துடுவான்."

"யாரு வந்துடுவான்?"

மரகதவல்லி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அண்ணன். வீட்டை விட்டுப் போனவன். ரெண்டு தடவை திரும்பி வந்தான், ரெண்டும் கார்த்திகை விளக்கு அன்னிக்கு. நடுவுல நாலு வருஷம். இப்பவும் நாலு வருஷம் ஆச்சு. அம்மா பொரி உருண்டை பிடிச்சு வச்சிருக்காங்க. நாளைக்கு நான் போய் அவன் பேருக்கு விளக்கேத்தணுமாம்."

நப்பின்னை எழுந்து வந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றி, புள்ளிகள் கலையாமல் கோட்டை மட்டும் துடைத்தாள். அதற்கு வெகு நேரம் பிடித்தது.

"கோலம்னா சேக்கலாம். இதுல புள்ளி மட்டும்தான் வானம் வச்சது. கோடு நீங்க போட்டது."

"அப்போ முறையே கிடையாதா?"

"இருக்கலாம். ஆனா முறையில்லாம எரியறதும் ரெண்டு தடவை முறை மாதிரித்தான் தெரியும்."

"காத்திருந்தா?"

"அந்த வெளிச்சம் கிளம்பினப்போ பூமியே இல்ல. அங்க என்ன ஆகணுமோ அது எப்பவோ ஆகி முடிஞ்சிடுச்சு. சேதிதான் இன்னும் வந்து சேரல."

மரகதவல்லி புள்ளிகளைப் பார்த்தாள். குவாசரைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அழுதாள்.

"முடிஞ்சு போச்சுன்னா நான் எதுக்கு மேடம் போய் விளக்கேத்தணும்?"

நப்பின்னை மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"சேதி வர்ற அன்னிக்கு உங்கம்மா தனியா இருக்கக் கூடாது. கிளம்புங்க, பஸ் போயிடும்."