முகம் காட்டினால் புட்டு

அல்லிக்குளத்தின் கரையில் கரும்பாயி என்ற கரடி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். இலுப்பைப்பூப் புட்டும் தேனும்தான் அங்கே விசேஷம். அந்த மணம் எழுந்துவிட்டால் காட்டில் யாருக்கும் வேலை ஓடாது.

உள்ளே வருகிறவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து ஏதாவது ஒன்றை வாசல் கூடையில் போடுவது வழக்கம். மான் நெல்லிக்காய் போடும். ஆமை தாமரை விதை போடும். குரங்குதான் தாமதம். கன்னத்தில் அடக்கிய கொட்டையைத் துழாவி எடுப்பதற்குள், பின்னால் நிற்பவர்கள் பசியில் முணுமுணுக்கத் தொடங்குவார்கள்.

ஒருநாள் நாகரத்தினம் என்ற கீரி வந்தது.

"என்னக்கா, இன்னும் கூடையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? என் சிநேகிதர் விழியப்பன்னு ஒரு ஆந்தை. பார்த்த முகத்தை மறக்கவே மாட்டார். அவரை வாசல்ல உக்கார வச்சிடுவோம். வர்றவங்க முகத்தைக் காட்டினா போதும். அவர் ஆளைச் சொன்னதும் என்கிட்ட வேலை பார்க்கிற அணிலுங்க போய் அவங்கவங்க பொந்துலேர்ந்து சேரவேண்டியதை எடுத்துக்கிட்டு வந்துடும்."

"எல்லாருக்கும் பிடிக்குமா?"

"முகம் இல்லாதவங்கன்னு யாராவது இருக்காங்களாக்கா?"

அதுவும் சரிதான் என்று கரும்பாயிக்குத் தோன்றியது. கடவுளை வேண்டிக்கொண்டு கூடையை உள்ளே எடுத்து வைத்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குரங்குக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். "கையை வீசிக்கிட்டு வரலாம், வயித்தைத் தடவிக்கிட்டுப் போகலாம்!" என்று கிளைக்குக் கிளை தாவியது. மயில் முகத்தைக் காட்டிவிட்டு, "தோகையையும் பார்த்து வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டது.

ஆனால் புள்ளிமான் பூங்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, எங்க கூட்டத்துல நேருக்கு நேர் உத்துப் பார்த்தா அது புலின்னு அர்த்தம். அந்தக் கண்ணைப் பார்த்தா எனக்குக் காலு தானா ஓடுது. அதுவும் போக, நான் இல்லாத நேரத்துல அணில் என் புதருக்குள்ள போறது எனக்குச் சரிப்படலை."

அடுத்து ஆமை பொன்னையா வந்தார். சாப்பிடும் முன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கும்பிடுவது ஆமைகளின் வழக்கம்.

"முகத்தைக் காட்டுங்க" என்றது ஆந்தை.

"கும்பிட்டு முடிக்கிறேன் சாமி" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஆந்தை குனிந்தது. இன்னும் குனிந்தது. கடைசியில் குப்புற விழுந்தது. குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. பொன்னையா வெட்கப்பட்டுப் பட்டினியாகவே திரும்பிப் போனார்.

மறுநாளிலிருந்து மான்கள் வரவில்லை. ஆமைகளும் வரவில்லை. பாதிப் புட்டு மிஞ்சியது.

"அவங்க பழைய ஆளுங்க. போனாப் போகட்டும்" என்றது கீரி.

கரும்பாயி மிஞ்சிய புட்டையே பார்த்தாள். இப்படியே மிஞ்சினால் மழைக்கு முன்பே கடையை மூட வேண்டியதுதான். நல்ல தேனாக வைத்தால் வருவார்களோ என்று எண்ணி, புட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு மலைத்தேன் எடுக்கப் போனாள். கரடிக்குத் தேனடையைக் கண்டால் பொறுமை ஏது? மூக்கை அப்படியே உள்ளே விட்டாள். தேனீக்கள் விடுமா? திரும்பி வரும்போது அவள் முகம் பலாப்பழம் போல வீங்கியிருந்தது.

வாசலில் ஆந்தை தடுத்தது. "இந்த முகம் எனக்குத் தெரியாது."

"ஐயா, நான்தான் கரும்பாயி. இது என் கடை."

"கரும்பாயி முகம் இப்படி இருக்காது. தள்ளி நில்லுங்க."

"உள்ளே புட்டு அடிப்பிடிக்குதய்யா!"

"முகம் சரியா இருந்தா விடறேன்."

சொந்தக் கடை வாசலில், கையில் தேனும் வயிற்றில் பசியுமாக அவள் நின்றாள். கண்ணீர் முட்டியது. பூங்கொடியும் பொன்னையாவும் இப்படித்தானே நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குளக்கரையிலிருந்து பொன்னையாவின் குரல் கேட்டது. தலை இன்னும் ஓட்டுக்குள்தான் இருந்தது. "அது கரும்பாயியேதான். அந்த நடைக்குத் தரையே அதிருதே, தெரியலையா?"

தூரத்தில் நின்ற பூங்கொடியும் மூக்கை உயர்த்தினாள். "ஆமா, நம்ம அக்கா வாசனைதான். ஐயோ, முகம் என்னக்கா இப்படி ஆயிடுச்சு?"

கரும்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீங்கிய முகத்தோடு அவள் சிரித்ததைப் பார்த்து ஆந்தையும் சிரித்து வழிவிட்டது.

அடிப்பிடித்த புட்டைச் சுரண்டிப் போட்டுவிட்டு அவள் வேறு புட்டு வைத்தாள். கூடையைத் திரும்ப வாசலில் வைத்தாள். பிறகு வந்தவர்களிடம் தானே கேட்டாள்: "முகம் காட்டுறீங்களா, கூடையில போடுறீங்களா? உங்க இஷ்டம்."

"ரெண்டு வழியா? குழப்பமாயிடுமேக்கா" என்றது கீரி.

ஒரு குழப்பமும் வரவில்லை. குரங்குகள் ஆந்தைக்கு முகத்தைக் காட்டிவிட்டு ஓடின. மான்கள் மறுபக்கமாக வந்து நெல்லிக்காயைப் போட்டன. பொன்னையா நிதானமாகக் கும்பிட்டு முடிக்கும்வரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அன்று இலையில் ஒரு துளிப் புட்டு மிஞ்சவில்லை.

நமக்கு வசதியாக இருப்பது அடுத்தவருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆகவே எதையும் அவர்களைக் கேட்டுச் செய்வதே உண்மையான உபசரிப்பு.