ஏச்சுக்கு ஏங்கிய அசுரன்

செங்கழனிச் சமஸ்தானத்தில் மக்களுக்குக் குறையென்று ஒன்றும் கிடையாது. இருந்தால் தாராளமாகச் சொல்லலாம் என்று மகாராஜா வீரபூபதி அனுமதி கொடுத்திருந்தார். யாரும் சொன்னதில்லை. குறை இல்லை என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அங்கே மாசித் திருவிழாவில் ‘கோரகேசன் வதம்’ கூத்து நடக்கும். கோரகேசன் பொல்லாத அசுரன். விடியும்போது அவனை வெட்டிச் சாய்ப்பார்கள். ஆனால் வேஷக்காரன் உடனே அரிதாரத்தைக் கழுவிவிட முடியாது. கிரீடத்தோடு தெருத்தெருவாகப் போய் ஏச்சுப் பிச்சை கேட்க வேண்டும். பெண்கள் வாசலில் நின்று வாய் வலிக்கத் திட்டி, வேப்பிலைத் தண்ணீரை ஊற்றுவார்கள். திட்டு விழுந்தால்தான் அசுரன் ஆளை விட்டுப் போவான். அதுவரை அவன் எந்த வீட்டுப் படியும் ஏறக்கூடாது.

பரம்பரையாக அந்த வேஷம் இருசப்பனுடையது. அந்த வருஷம் அதற்குச் சனி பிடித்தது. ராணியின் தம்பி துரைசிங்கம், “அத்தான், கோரகேசன் வேஷம் கட்ட எனக்கும் ஆசை” என்றான்.

“உனக்கே இருந்தால் எனக்கு இருக்காதா?” என்றார் மகாராஜா.

ஆளுக்கு ஒரு ராத்திரி ஆடுவது, மூவரில் சிறந்தவனுக்கே இனிக் கிரீடம் என்று முடிவாயிற்று. தீர்ப்புச் சொல்லும் பாக்கியம் அரண்மனை விதூஷகன் கோனேரிக்குக் கிடைத்தது.

கோனேரிக்குச் சோறு இறங்கவில்லை. மகாராஜா தோற்றார் என்றால் தன் தலை போகும். ஜெயித்தார் என்றால் இருசப்பன் வீட்டில் அடுப்பு எரியாது. இருசப்பன் வேறு வந்து நின்றான்.

“சாமி, எனக்கு வேற தொழில் தெரியாது. நல்லவனா நடிக்கவும் வராது.”

“அது வந்தால் அரண்மனையிலேயே உத்தியோகம் கிடைத்திருக்குமே” என்று அனுப்பிவைத்தான் கோனேரி.

முதலில் இருசப்பன் ஆடினான். குரலை உயர்த்தவே இல்லை. மாம்பழம் தின்றுகொண்டே வந்து, தான் சிறையில் அடைத்திருந்த ஒரு தாயிடம், “சாப்பிட்டாயா அம்மா?” என்று பரிவாகக் கேட்டான். கொட்டையைத் துப்பினான். “இவள் பிள்ளையைக் கொன்றுவிடுங்கள். மெதுவாக” என்றான். கூட்டமே உறைந்துபோயிற்று. காலையில் ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் அவனுக்குக் காது நிறைந்துவிட்டது.

அடுத்து துரைசிங்கம். வரும்போது கர்ஜித்தான், போகும்போதும் கர்ஜித்தான், நடுவில் தாய்க்கு ஆறுதல் சொல்லும்போதுகூட. மீசை அத்தனை பெரியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடினான். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அவனுக்கும் திட்டு விழுந்தது. திட்டியவர்கள் மாட்டுக்காரர்கள். ராணியின் தம்பியாயிற்றே, வாய்க்குள்ளேயே திட்டினார்கள்.

கடைசியில் மகாராஜா. வேஷம் கெட்டவனுடையது என்றாலும் கெட்டது செய்ய அவருக்கு மனம் வரவில்லை. சிறையிலிருந்த தாய்க்கு அசுரன் பட்டுப்புடவை கொடுத்தான். ஏழைகளுக்குத் தானம் செய்தான். வெட்ட வேண்டிய கதாநாயகன் வாளை ஓங்கினான், கீழே போட்டான், “மன்னிக்க வேண்டும் மகாராஜா” என்று காலில் விழுந்தான். வேறு வழியில்லாமல் அசுரன் தானாகவே செத்தான். ஜனங்கள் கைதட்டவே, எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடியும் செத்தான்.

காலையில் தெருவெல்லாம் ஆரத்தி.

“பார்த்தாயா கோனேரி! அவர்களுக்குத் திட்டு, எனக்கு ஆரத்தி. தீர்ப்பைச் சொல்.”

“சொல்கிறேன் மகாராஜா. முறை முடியட்டும். தங்களுக்கு இன்னும் ஒரு ஏச்சுகூட விழவில்லை. அசுரன் தங்கள் மேல்தான் இருக்கிறான்.”

மகாராஜா சிரித்துக்கொண்டே அரண்மனைக்குப் போனார். வாசலில் ராணி வழிமறித்தாள்.

“அசுரனோடு உள்ளே வராதீர்கள். பூஜை நடக்கிற இடம்.”

“நீயே ஒரு வார்த்தை திட்டிவிடேன்!”

“கட்டின புருஷனையா? சிவ சிவா!” என்று கதவைச் சாத்தினாள்.

“தினமும் திட்டுகிறவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது?” என்று மகாராஜா முணுமுணுத்தார்.

வெயில் ஏறியது. அரிதாரம் காய்ந்து முகத்தைப் பிடித்து இழுத்தது. தண்டோரா போட்டார்கள்: மகாராஜாவை எல்லோரும் திட்ட வேண்டும், இது அரச கட்டளை, திட்டுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. ஊரே திரண்டு வந்து வாய்பொத்தி நின்றது. ஒரு கிழவர் மட்டும் துணிந்து, “தாங்கள் ரொம்ப... ரொம்ப நல்லவர்” என்றார். அது கணக்கில் சேரவில்லை.

“நீயாவது திட்டுடா, துரைசிங்கம்!”

“வசனம் யாராவது சொல்லிக் கொடுத்தால்...” என்றான் மைத்துனன்.

“கோனேரி! முகம் எரிகிறதடா! ஒரே ஒரு ஏச்சு வாங்கிக் கொடு, கேட்டதைத் தருகிறேன்.”

“இருசப்பனுக்கு அவன் கிரீடம். நான் எதைத் தண்டோரா போடச் சொன்னாலும் கோபிக்கக் கூடாது.”

“சத்தியம்!”

கோனேரி பறையடிப்பவன் காதில் ஏதோ சொன்னான். பறை முழங்கியது.

“இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! இனி வருஷா வருஷம் மகாராஜாவே கோரகேசனாக ஆடுவார்! எல்லோரும் விடியும்வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும்!”

பூக்காரி ஒருத்தி கூடையைக் கீழே வைத்தாள்.

“அட பாவி மனுஷா! எங்க கூத்தைக் கெடுக்கத்தான் மூஞ்சியில சாயம் பூசினியா?”

அணை உடைந்தது.

“அசுரனுக்கு எதுக்குய்யா தானதர்மம்?”

“ஒழுங்காச் சாகத் தெரியல, வேஷம் ஒரு கேடா!”

வேப்பிலைத் தண்ணீர் குடம் குடமாக வந்து விழுந்தது. மேல்மாடத்து ஜன்னலிலிருந்தும் ஒரு பெண்குரல், நன்றாகப் பழக்கப்பட்ட குரல், விடாமல் ஏசியது.

அரிதாரம் வழிய நின்ற மகாராஜாவுக்கு முதலில் காது சிவந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடத்தைக் கழற்றி இருசப்பன் தலையில் வைத்தார்.

“அதெல்லாம் சரி. தீர்ப்பு என்ன ஆயிற்று? மூவரில் யாரடா சிறந்த கோரகேசன்?”

“சந்தேகமென்ன? மகாராஜாதான்.”

“இன்னுமா முகஸ்துதி?”

“உண்மை மகாராஜா. இருசப்பன் விடிய விடிய ஆடி ஏச்சு வாங்கினான். சின்னவர் தொண்டை கிழியக் கத்தி வாங்கினார். ஆடப்போகிறேன் என்று சொன்னதற்கே ஊர் முழுக்க வாங்கியவர் தாங்கள் ஒருவர்தானே!”